வெள்ளிக்கு மூன்று வார்த்தை

"கற்றுக்கொள்வேன் என்று மொட்டையாக எழுதாதீர்கள். என்ன, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, சரியா என்று யார் பார்ப்பார்கள், அதையெல்லாம் எழுதுங்கள்." பிலிப்பைன்ஸின் பக்கோலோத் நகரில் எங்கள் அலுவலக ஊழியர்களுக்கு ஒவ்வொரு ஜனவரியும் வகுப்பெடுத்து இதைச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம். புத்தாண்டுச் சபதத்தைத் திட்டமாக்கித் தருபவன் இந்த வில்ஃப்ரெடோ என்று பெயர்.

வீட்டில் கதை வேறு. என் மகள் ஜோலினாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பதினான்கு வயது. அவளும் அவள் அம்மா லோர்னாவும் கையாலேயே மணிக்கணக்கில் பேசுவார்கள். நானோ வருடப்பிறப்பன்று அதிர்ஷ்டத்துக்காக எங்கள் ஊரில் அடுக்கிவைக்கும் பன்னிரண்டு உருண்டைப் பழங்களுக்கு முன்னால் உட்கார்ந்து, "இந்த வருஷம் சைகை மொழி கத்துக்கறேன்" என்று அறிவிப்பேன்.

"திராட்சையை முழுங்கிட்டுச் சொல்லுங்க, விக்கிக்கப் போகுது" என்றாள் லோர்னா இந்த முறை. எட்டு வருடமாக இதே அறிவிப்பைக் கேட்டு வருகிறாள், பாவம்.

போன ஜனவரியில் அலுவலக வாசல் காவலர் டென்சியோவும் என் வகுப்பில் இருந்தார்; மனோங், அதாவது அண்ணன், என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். 'எல்லாரிடமும் நல்லபடியாகப் பழகுவேன்' என்று எழுதியிருந்தார். அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "இது திட்டமா மனோங், இல்ல சர்ச்சுல பண்ற ஜெபமா?" சிரிப்பு அடங்க நேரமானது. அவர் தாளை வாங்கித் திருத்தி எழுதிக் கொடுத்தார். நான் அதைப் படிக்கவே இல்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் பள்ளி விட்டதும் ஜோலினா எங்கள் அலுவலக வரவேற்பறையில் எனக்காகக் காத்திருப்பாள். நேற்று வழக்கத்தைவிடச் சீக்கிரமே இறங்கி வந்தேன். அவளும் டென்சியோவும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ஏதோ சொல்ல, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் வரவழைத்ததே இல்லை.

"எப்போ கத்துக்கிட்டீங்க?"

"நீங்க சொன்னபடிதான் சார். வெள்ளிக்கு வெள்ளி, பாப்பா வந்ததும் மூணு வார்த்தை. சரியான்னு பாப்பாவே பாத்துக்கும். பிள்ளை தனியா உக்காந்திருக்கு, ஒரு வார்த்தை பேச முடியலையேன்னு இருந்துச்சு. தாள்ல எழுதித் தந்தேனே சார்."

எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "என்ன சிரிப்பு?" என்று பேச்சை மாற்றினேன்.

"பேரு சார். காது கேக்காதவங்க ஆளுக்கொரு சைகைப் பேர் வெப்பாங்க. எனக்குத் தொப்பை."

"எனக்கு?"

"அது... விடுங்க சார்."

"சொல்லுங்க மனோங்."

அவர் ஜோலினாவைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள். முஷ்டியை உயர்த்தி, மணிக்கட்டை மேலும் கீழும் அசைத்தார். "தலையாட்டி. என்ன சொன்னாலும் புரிஞ்ச மாதிரி தலையாட்டுவீங்களாம்."

வீட்டில் அந்தச் சைகையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதற்கும் தலையாட்டியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜோலினா என் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னாள். தலை தானாக ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன்.

"மனோங், 'புரியல'ன்னு எப்படிச் சொல்றது?"

காட்டினார். அவளைப் பார்த்துச் செய்தேன். தப்பாகத்தான் செய்திருப்பேன். அவள் என் விரலைப் பிடித்துத் திருத்தினாள். பிறகு மறுபடி முதலிலிருந்து, மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.