ஹெர்குலிஸ் கட்சி

ஆனந்தராசாவுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்தது ஒரேயொரு சண்டை. அதிலும் போன சனிக்கிழமை அவர் வென்று தொலைத்துவிட்டார்.

சண்டை இதுதான். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் மெர்லின் இன்ஜினுக்குத் தட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற பயத்தில், பிரிட்டிஷ்காரர் சில லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களுக்கு ஹெர்குலிஸ் இன்ஜினைப் பூட்டினார்கள். மெர்லின் சூடு தணிய ரேடியேட்டர் வேண்டும்; ஹெர்குலிசுக்கு வெறும் காற்றே போதும். இரண்டில் எது திறம்? மியூசியத்தில் ஒரு லங்காஸ்டருக்குக் கீழே நின்று தொடங்கிய வாக்குவாதம், நகரின் மறுகோடியில் ஆல்பனியில் மகள் வீட்டிலிருக்கும் பழனிவேலோடு சனிக்கிழமைதோறும் போனில் தொடர்ந்தது. ஈஸ்ட் டாமாக்கியில் காலமெல்லாம் லொறி இன்ஜின் கழற்றிப் பூட்டிய ஆனந்தராசா ஹெர்குலிஸ் கட்சி. பழனிவேல் மெர்லின் கட்சி. மனைவி காலமான பிறகு அந்த ஏவன்டேல் வீட்டில் தமிழ்ச் சத்தம் கேட்டதே இந்தச் சண்டையில்தான்.

"ரேடியேட்டரிலே ஒரு குண்டு பட்டால் உங்கட மெர்லின் முடிஞ்சுது!" என்று போன வாரம் இவர் கத்த, "ஆமாண்ணே, நீங்க சொல்றதுதான் சரி. ஒத்துக்கறேன்," என்றார் பழனிவேல். பிரஷர் ஏறுது, யார்கூடவும் மல்லுக்கு நிக்காதீங்கப்பா என்று மகள் அபர்ணா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். அத்தோடு போனை வைத்துவிட்டார்.

வென்ற மனுசன் துள்ளிக் குதிக்க வேண்டாமோ? எங்கே! இந்தச் சனிக்கிழமை போன் அடிக்கவேயில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. 'விசரா, உனக்கேன் இந்த வெற்றி?' என்று தன்னையே ஏசிக்கொண்டார். சும்மா சுகம் விசாரிக்கப் போன் எடுக்கலாம்தான். ஆனால் தனிய இருக்க ஏலாமல் கிடக்கு என்று எந்த வாயால் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடைசியில் எடுத்தார்.

"பழனிவேல், நான் நல்லா யோசிச்சனான். மெர்லின்தான் திறம். ஹெர்குலிஸ் பூட்டின லங்காஸ்டர் அவ்வளவு உயரம் ஏறாது."

பழனிவேலின் குரல் எகிறியது.

"என்னண்ணே பேசுறீங்க? இத்தனை மாசமா ஹெர்குலிஸ் ஹெர்குலிஸ்னு என் காதுல ரத்தம் வர வச்சுட்டு, இப்ப இப்படிச் சொன்னா எப்படி? ரேடியேட்டர்ல ஒரு குண்டு பட்டா என்ன ஆகும்? சொல்லுங்க!"

பின்னால் "அப்பா, பிரஷர்!" என்று அபர்ணாவின் குரல். "நீ சும்மா இரும்மா, இவரு தப்பாப் பேசுறாரு!" என்றார் பழனிவேல்.

அது ஆனந்தராசாவின் சொந்தக் கேள்வி. மெர்லினை அவர் ஒருநாளும் நம்பினவரில்லை. கண் கலங்கியது. கதிரையை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்.

"பிழை," என்றார். "நீங்கள் சொல்லுறது முழுப் பிழை. ஏன் எண்டு கேளுங்கோ."