அசையாத தேனீ

விதைப் பாக்கெட்டுகளின் அட்டைக்குப் படம் எடுப்பது என் பிழைப்பு. இந்த முறை வெள்ளைப் பூ, அதன்மேல் ஒரு தேனீ வேண்டும் என்றார்கள். வீட்டில் எனக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். தேனீயைத் துரத்தித் துரத்தி எடுத்த படமெல்லாம் கலங்கலாகத்தான் விழுந்தது.

"இந்தப் பூ முடியறதுக்குள்ள உருப்படியா ஒண்ணு குடுங்க. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார் விதைக் கம்பெனி மேலாளர்.

அன்று மாடித் தொட்டியில் ஒரு தேனீ அசையாமல் உட்கார்ந்திருந்தது. கேமராவை அதன் மூக்கருகே கொண்டுபோனேன். பறக்கவில்லை. நான் துள்ளிக் குதிக்காத குறைதான்.

படங்களைக் கணினியில் சீர்செய்வது என் நாத்தனார். பெரிதாக்கிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"அண்ணி, இது போஸ் குடுக்கல. செத்துப் போச்சு."

"என்னடி உளர்ற?"

"அந்த இதழப் பாருங்க. இதழுக்கு எங்கயாவது கண்ணு இருக்குமா?"

வெள்ளை இதழோடு வெள்ளையாக ஒரு நண்டுச் சிலந்தி, தேனீயின் கழுத்தைக் கவ்வியிருந்தது. வலையும் இல்லை, ஓட்டமும் இல்லை. முன்கால்களை விரித்துக்கொண்டு சும்மா இருந்தே சாப்பிடுகிறது!

மாடிக்குப் போய், சிலந்தியைத் தூரிகை நுனியில் ஏற்றி, பக்கத்து மஞ்சள் பூத் தொட்டியில் விட்டேன். "இங்க உன் பருப்பு வேகாது" என்றேன். மஞ்சளில் அது பளிச்சென்று தெரிந்தது. தினமும் போய்ப் பார்த்தேன். பட்டினிதான். ஒருநாள் ஆளையே காணோம்.

"கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு" என்றாள் நாத்தனார்.

அதன் வித்தையை நான் பிடித்துக்கொண்டேன். வெள்ளைப் போர்வையைப் போர்த்தி, ஒரே பூவுக்குக் கேமராவைக் குறிவைத்து உட்கார்ந்தேன்.

"என்ன அண்ணி, பேய் வேஷமா?"

நான் அசையவே இல்லை. கால் மரத்துப்போன பிறகு ஒரு தேனீ தானாக வந்து உட்கார்ந்தது. அமுக்கினேன். படம் கண்ணாடி மாதிரி தெளிவு. தேனீ பறந்தும் போனது. உயிரோடு போகிறதே என்ற சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. படத்தை உடனே அனுப்பினேன். "இதுதான் அட்டை" என்று பதில் வந்தது.

"அண்ணி, இங்க வாங்களேன்."

அவள் குரலில் சிரிப்பில்லை. மஞ்சள் பூவில் ஒரு தேனீ அசையாமல் இருந்தது. அதன் கழுத்தருகே இருந்த மஞ்சள் இதழுக்குக் கண்கள் இருந்தன. சிலந்தி எங்கும் போகவில்லை. பட்டினியோடு அங்கேயே உட்கார்ந்து மஞ்சளாகியிருந்தது.

கொண்டுபோய் விட்டவளே நான்தான். மனம் உறுத்தியது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.