கறண்ட் வந்தால் பாடும் பெட்டி

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் பரந்தனில் கறண்ட் போனபோது எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் வாயில் வந்தபடி திட்டினார்கள். யோகநாதன் மட்டும் சாமியறைக்குள் போய் ஒரு கற்பூரம் கொளுத்தினார். கறண்ட் திரும்பி வர நேர்த்தி வைக்கிறாராக்கும் என்று நினைத்து மனைவி சிவனேஸ்வரியும் பக்கத்தில் நின்று கும்பிட்டார்.

ஆனால் அது நன்றிக் கற்பூரம்.

விஷயம் அவருடைய றிசீவர் சம்பந்தமானது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்த காலத்தில், கப்பலில் வேலை செய்த மச்சானைக் கொண்டு எடுப்பித்த ஜப்பான் சாமான். ஒரு ஆட்டுக்குட்டியின் பாரம் இருக்கும். வெள்ளி முகம், தேக்கு நிற உடம்பு, கண்ணாடிக்குப் பின்னால் துடிக்கிற இரண்டு ஊசிகள். இரண்டு பக்கமும் காவல்காரர் மாதிரி இடுப்பளவு உயரத்தில் ஸ்பீக்கர்கள். யாராவது அதை 'றேடியோ' என்று சொன்னால் அவருக்கு முகம் கறுத்துவிடும்.

“றேடியோ உங்கட வீட்டில இருக்கிறது. இது றிசீவர். ஸ்டீரியோ.”

அந்த ஸ்டீரியோ, கறண்ட் போவதற்கு மூன்று நாள் முன்னரே செத்துப்போயிருந்தது. வழக்கம்போலப் பின்னேரம் ஆறு மணிக்குச் சுவிட்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை. ஊசி அசையவில்லை. கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்த் திருத்தலாம் என்றால், வழியில் பத்துப் பேர் என்ன ஏதென்று கேட்பார்கள். மூன்று நாள் தலையிடி என்று சொல்லிப் படுத்திருந்தார். நாலாம் நாள் ஊர் முழுக்கக் கறண்ட் நின்றது. இனி எவரும் “ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ” என்று கேட்க முடியாது. தலையிடியும் அன்றைக்கே மாறியது.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை அவர் அனுபவித்த அனுபவிப்பு, அது பாடின காலத்தில்கூட இல்லை. வெள்ளிக்கிழமைகளில் பழைய பட்டுச்சால்வைத் துண்டால் துடைப்பார். தினமும் ஆறு மணிக்குக் கதிரையைப் போட்டு முன்னால் உட்காருவார். பெரிய குமிழை ஒரு சுண்டுச் சுண்டினால், கறண்ட் இல்லாமலே, ஸ்டேசன் காட்டுகிற ஊசி இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகும். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணியும் ஒரு சுண்டும் உண்டு. ஆனால் கை கழுவிவிட்டுத்தான்.

“பாத்தீங்களே வழுக்கு? கறண்ட் மட்டும் வரட்டும். தவில் ஒரு காதுக்குள்ளால, நாதஸ்வரம் மற்றக் காதுக்குள்ளால வரும்.”

பக்கத்து வீட்டு இராசேஸ்வரியிடம் இருந்தது கையடக்கமான ஒரு சின்ன றேடியோ. பற்றறிக்குத் தடை, கண்ணாலும் காணக் கிடைக்காத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, இளைய மகள் தயாளினி பெடலைச் சுற்ற, டைனமோவில் அது கத்தும். ஒழுங்கை முழுக்க அங்கேதான் செய்தி கேட்கும். யோகநாதனும் கேட்பார். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, கதியால் தடியைத் திருத்துகிற சாட்டில். செய்தி முடிந்ததும், தன் ஸ்டீரியோவில் அதிர்ந்த அடிச்சத்தத்தை நினைத்து ஒரு பெருமூச்சு விடுவார்.

“பேஸ் இல்லை.”

இப்படி நாலு வருசம் மரியாதையாகப் போனது. தொண்ணூற்று நாலு ஆவணியில் இராசேஸ்வரி தன் மூத்த மகள் ரஜிதாவின் கலியாணத்துக்குச் சொல்ல வந்தார். வெற்றிலைத் தட்டத்தை நீட்டியவர் போகாமல் நின்றார்.

“அண்ணை, மேளக்காரர் இந்த முகூர்த்தத்துக்கு ஆறு வீடு ஒப்புக்கொண்டிட்டினம். கசெற்றிலதான் மேளம் போடப்போறம். பம்பி திருத்துற ராசு ஜெனறேற்றரும் கசெற் பிளேயரும் கொண்டு வாறான். உங்கட பெட்டியை ஒருக்காத் தாங்கோவன்.”

யோகநாதனுக்கு வெற்றிலை தொண்டையில் அடைத்தது. அவர் இன்னும் வாயில் போடவேயில்லை.

“ஜெனறேற்றர் கறண்ட் கூடிக் குறையும் பிள்ளை. அதுக்கு ஒத்துவராது.”

“அவன் ஒரே சீராத் தருவானாம்.”

“மண்ணெண்ணெய்ப் புகை படப்படாது.”

“வாழைக்குப் பின்னாலதானே வைக்கிறம்.”

மூன்றாவது சாட்டு அவர் வாயில் வருவதற்குள் குசினிக்குள்ளிருந்து சிவனேஸ்வரியின் குரல் வந்தது.

“இதென்ன கேள்வி ராசேஸ்! உன்ர பிள்ளையின்ர கலியாணத்துக்குத் தராமல் வேற ஆருக்குத் தரப்போறார்?”

கலியாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் யோகநாதன் மழைக்கு நேர்ந்தார். ஆவணியில் வன்னியில் மழைக்கு நேர்கிறவருக்கு எந்தச் சாமி காது கொடுக்கும்? வெயில்தான் கொளுத்தியது. பெட்டி ஊமை என்று தெரிந்தால், ஆறு மணிக்குத் தேத்தண்ணி குடிக்க ஒரு நாயும் படலை திறக்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கலியாணத்தன்று காலை, பெட்டியை வெள்ளை வேட்டியால் மூடி இரண்டு பேர் காவிக்கொண்டு போனார்கள். மணமகளுக்குக்கூட அவ்வளவு கவனிப்புக் கிடைக்கவில்லை. பந்தலில் பெண் வீட்டார் இடது பக்கம், புளியங்குளத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் வலது பக்கம். ராசு வாழைக்குப் பின்னால் ஜெனறேற்றரின் கயிற்றைச் சுண்டி இழுத்தான். அது குக்குக்கென்று எழும்பியது. யோகநாதன் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை.

“நான் அப்பவே சொன்னனான், ஜெனறேற்றர் கறண்ட் இதுக்குப் பிடியாதெண்டு” என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

ராசு மலைநாட்டிலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தோடு வந்து இங்கே குடியேறிய குடும்பத்துப் பொடியன். தண்ணீர்ப் பம்பி திருத்துகிறவன். அதிகம் கதைக்கமாட்டான். ஒரு பல்ப்பைக் கொழுவிப் பார்த்தான். எரிந்தது. பெட்டியைத் திருப்பினான். பின்னாலிருந்த வட்ட மூடியைக் கழற்றி, விரல் நகமளவு கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

“பெட்டிக்கு ஒண்ணுமில்லீங்கய்யா. பியூஸ் போயிருக்கு.”

வயரிலிருந்து மயிர் போன்ற ஒரு செப்பிழையை உருவி அந்தக் குழாயில் சுற்றிப் போட்டான். பச்சையும் நீலமுமாக முகம் ஒளிர்ந்தது. ஊசிகள் துள்ளின. பந்தலே “ஆ” என்றது. யோகநாதனுக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தன. நாலு வருசமாக அவர் நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிந்த பாரம் ஒரு செப்பிழையின் பாரம்!

பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. “ஸ்டீரியோ எண்டால் தள்ளி வைக்கவேணும்” என்று ஒரு ஸ்பீக்கரைப் பெண் வீட்டார் பக்கத்துக்கும் மற்றதை மாப்பிள்ளை வீட்டார் பக்கத்துக்கும், வயர் எட்டுமட்டும் தள்ளி வைப்பித்தார். பெட்டியில் கொழுவின பிளேயரில் கசெற் ஓடத் தொடங்கியது. இடது பக்கம் நாதஸ்வரம் தேனாக வழிந்தது. வலது பக்கம் தவில் இடித்தது. அவர் சொன்னபடியே, ஒரு துளி பிசகாமல்.

அஞ்சு நிமிசம் போயிருக்காது. மாப்பிள்ளை வினோதனின் தாய்மாமன் பரமலிங்கம் சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார்.

“இதென்ன, நாங்கள் செத்தவீட்டுக்கே வந்தனாங்கள்? எங்களுக்கு வெறும் மேளம் மட்டும் அடிக்கிறியள்! நாயனத்தைத் தங்கட பக்கம் வைச்சுக்கொண்டினம் பாருங்கோ.”

“எங்களுக்கு மேளச் சத்தமே இல்லை. நாங்கள் என்ன சொன்னனாங்களே?” என்றது பெண் வீட்டார் பக்கம்.

யோகநாதன் கையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஓடினார். “இதுதானய்யா ஸ்டீரியோ! நடுவில இருந்து கேட்டால் ரெண்டும் ஒண்டாச் சேரும்!”

நடுவில் இருந்தவர் ஓமகுண்டத்துக்கு முன்னால் ஐயர் ஒருவர்தான்.

“ஐயரைக் கேளுங்கோ!”

“எனக்கு நல்லாத்தான் கேக்குது” என்றார் ஐயர் நெய்யை விட்டுக்கொண்டே. அது எரிகிற நெருப்பில் இன்னொரு கரண்டி நெய்யாகப் போயிற்று.

“ஓகோ, தட்சணையும் அவருக்கு, கச்சேரியும் அவருக்கோ?” பரமலிங்கம் செருப்பைத் தேடத் தொடங்கினார். இராசேஸ்வரி ஓடிவந்து அவரை மறித்தார். முகூர்த்தத்துக்கு இருபது நிமிசம்.

ராசு பந்தலுக்குள் வந்தான். வலது ஸ்பீக்கரைத் தூக்கி வந்து, இடது ஸ்பீக்கரையும் தூக்கி வந்து, மணவறைக்குப் பின்னால் ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கினான். நாயனமும் தவிலும் ஒரே மூலையிலிருந்து ஒன்றாக வந்தன. இரண்டு பக்கமும் அமர்ந்தன. கெட்டிமேளம் நேரத்துக்குக் கேட்டது. தாலி ஏறியது.

“உங்கட பெட்டியாலதான் அண்ணை கலியாணம் சிறந்தது” என்று இராசேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டார். யோகநாதன் அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நல்ல பிள்ளைகளை ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டினது மாதிரி இருந்தது அவருக்கு.

துன்பம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பெட்டி பாடுகிறது என்ற கதை ஒழுங்கையைத் தாண்டியது. அடுத்த மாதத்துக்குள் ஒரு புதுவீட்டுக் குடிபூரல், ஒரு அரங்கேற்றம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. போன இடமெல்லாம் ஸ்பீக்கரை அடுக்கித்தான் வைத்தார்கள். ஒருமுறை பெட்டி கண்ணாடியில் பாயாசத்தோடு திரும்பி வந்தது. குமிழை, கை கழுவாத ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சுண்டினார்கள். ஆறு மணிக்கு யோகநாதன் கதிரையைப் போட்டு, தூசிக்கு நடுவில் பெட்டி இருந்த நீள்சதுரத் தடத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

கலியாணத்துக்குப் பிறகு நாலாவது தடவையாக, நாளைக்கு ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு என்று கேட்டு ஆள் வந்துபோன மத்தியானம். சிவனேஸ்வரி குசினிக்குள் நிற்கிறார் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, யோகநாதன் பெட்டியைத் திருப்பி, வட்ட மூடியைக் கழற்றினார். கண்ணாடிக் குழாய் உள்ளங்கையில் விழுந்தது. நெருப்புப்பெட்டிக்குள் போட்டுச் சட்டைப்பைக்குள் வைக்கும்போது பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது.

அகப்பையோடு சிவனேஸ்வரி நின்றார்.

“பொக்கற்றுக்குள்ள வையாதேங்கோ, தோய்க்கேக்க போயிடும். அரிசிப் பானைக்குள்ள போடுறன், தாங்கோ” என்றார். “மூடியையும் தாங்கோ. பியூஸ் மட்டும் இல்லாட்டி ராசு இன்னொரு இழை சுத்திப்போடுவான்.”

யோகநாதன் இரண்டையும் கொடுத்தார். வேறு என்ன செய்வது?

“போனமுறை தலையிடி எண்டு மூண்டு நாள் படுத்தனீங்கள்” என்றார் சிவனேஸ்வரி திரும்பிப் போகும்போது. “இந்தமுறை நாரிப்பிடிப்பு, இடுப்பு அசைக்க ஏலாதெண்டு சொல்லுங்கோ. ஒரே வருத்தம் எண்டால் சனம் யோசிக்கும்.”

அன்றைக்கு ஆறு மணிக்கு, துடைத்து மினுக்கிய பெட்டிக்கு முன்னால் கதிரை விழுந்தது. ஒரு சுண்டு. ஊசி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வழுக்கிக்கொண்டு போனது. வேலிக்கு அந்தப் பக்கம் கவிழ்த்த சைக்கிளின் சில்லுச் சுற்றத் தொடங்கியது. சின்ன றேடியோ செய்தி சொல்லத் தொடங்கியது.

யோகநாதன் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“பேஸ் இல்லை” என்றார்.