முதல் மூன்று காலை எக்கார்டுடன்

பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஒரு பெரியவருக்கு அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டிருந்தபோதுதான் ரோஸ்விதாவின் கைப்பேசிக்கு அந்தச் செய்தி வந்தது. "இந்த வருஷம் வேலிக்கு என்னைச் சேர்க்க வேண்டாம். எல்லாருக்கும் வாழ்த்துகள். எக்கார்ட்." அவ்வளவுதான். இரண்டு முறை படித்தாள். பிறகு மார்ச் ஒன்று என்று எழுத வேண்டிய சீட்டில் மார்ச் முப்பத்தொன்று என்று எழுதி அந்த மனிதரிடம் நீட்டினாள். கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு வந்தவர். பாவம், அவர் அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்.

வேலி என்றால் கோட்டைச் சுவர் ஒன்றுமில்லை. முழங்கால் உயரத்தில் பச்சைத் துணி, அறுநூறு மீட்டர். பனி உருகியதும் காட்டிலிருந்து தேரைகள் ஆலைக்குளத்துக்கு முட்டையிட இறங்கும். நடுவில் காஸல் நகரத்துக்குப் போகும் சாலை. தேரைக்குக் குளத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. கார்க்காரனுக்கு வேலைக்குப் போகும் நேரத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளக்கிறவன், சாலையில் இறங்கும் தேரையை மட்டும் ரோஸ்விதாவின் பொறுப்பில் விட்டுவிட்டான் போலிருக்கிறது. வேலியில் முட்டி, அதையொட்டியே நடந்து, மண்ணில் புதைத்த வாளிகளுக்குள் அவை விழும். மொத்தம் நாற்பத்திரண்டு வாளிகள். விடியற்காலையில் ஆட்கள் வந்து வாளி வாளியாகப் பார்த்து, எண்ணிக் குறித்து, சாலையைக் கடந்து கொண்டுபோய் விட வேண்டும். ஒரு நாள் ஆள் வராவிட்டால் வாளியே அவற்றுக்குக் குழியாகிவிடும். அதனால் ஐந்து வாரத்துக்கும் ஆள் பட்டியலை முன்கூட்டியே காட்டினால்தான் சாலைத் துறை வேலி போட அனுமதிக்கும். பட்டியல் போடுவது ரோஸ்விதா. பத்தொன்பது வருஷமாக அவள்தான்.

ஆள் பிடிப்பதில் அவள் கைதேர்ந்தவள். "உதவி செய்ய முடியுமா?" என்று ஒருநாளும் கேட்க மாட்டாள். அப்படிக் கேட்டால் எல்லோரும் முடியும் என்பார்கள், ஒருவரும் வர மாட்டார்கள். ரொட்டிக்கடை வரிசையில் முன்னால் நிற்கும் பெண்ணிடம், "செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, இருபத்திரண்டாவது வாளியிலிருந்து முப்பது வரைக்கும் நீங்க பார்த்துக்க முடியுமா?" என்பாள். எண்ணைச் சொல்லிக் கேட்டால் மனிதருக்கு மறுக்க வாய் வராது. பிடிப்பது சுலபம், வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடு. முதல் நாள் வருகிறவர்கள் தேரையைக் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் நாள் மழை பெய்யும், கையுறைக்குள் தண்ணீர் போகும். மூன்றாம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். இதற்கு அவள் மூன்றாம் நாள் நோய் என்று பெயர் வைத்திருந்தாள். அந்த நோய்க்குக் கண்டுபிடித்த ஒரே மருந்து எக்கார்ட்.

எக்கார்ட் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். இருபத்திரண்டு வருஷம் அதே சாலையில் காலை ஐந்து நாற்பது வண்டி. வசந்தகாலம் வந்தால் சக்கரத்துக்கு அடியில் கேட்கும் சத்தத்தைச் சகிக்க முடியாமல் வானொலியைக் கூட்டி வைத்துக்கொள்வாராம். ஏழு வருஷத்துக்கு முன்னால், அவர் ஓய்வுபெறப் போகிறார் என்று கேள்விப்பட்டு, ரோஸ்விதா அந்த வண்டியில் ஏறி அவர் இருக்கைக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டாள். வந்தார். அந்த முதல் வசந்தம் முழுக்கச் செவ்வாயும் வெள்ளியும் அவளோடுதான் நடந்தார்.

அந்தப் பத்துக் காலைகளை அவள் இன்றும் வரிசை மாறாமல் சொல்வாள். பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஒரு நாள் ஆலங்கட்டி மழை. ஒரு நாள் ஒரே வாளியில் முப்பத்தொன்பது தேரைகள். ஒரு நாள், இறந்துபோன தன் மனைவி தேரைக்குப் பயந்தவள் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, வெகுநேரம் பேசாமல் நடந்தார். அவள் விவாகரத்தாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. தன்னோடு ஒருவர் பேசாமல் நடப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

தெரிந்ததும் தானே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். அடுத்த வருஷம் அவசரத்துக்கு ஒரு மருந்துக்கடைக்காரரை எக்கார்டோடு அனுப்பியதில், மூன்றே நாளில் ஓடிப்போகக்கூடிய அந்த ஆள் ஐந்து வாரமும் வந்தார். இன்றும் வருகிறார். அடுத்து ஒரு கணவன் மனைவி, அவர்களும் தங்கிவிட்டார்கள். என்ன மாயம் செய்கிறார் என்று அவள் கவனித்துப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. பாடம் எடுப்பதில்லை. பிளாஸ்க் மூடியில் முதல் தேநீரை வந்தவருக்கு ஊற்றிக் கொடுப்பார். நேற்று முழங்கால் வலி என்றவரிடம் இன்று முழங்காலை விசாரிப்பார். மூன்றாம் நாள், குறிப்பு எழுதும் அட்டையையும் பென்சிலையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு எழுத்து சரியா தெரியல, நீங்களே எழுதுங்க," என்பார். தான் இல்லாவிட்டால் கணக்கு நின்றுவிடும் என்று நம்பிய மனிதன் படுத்துத் தூங்க மாட்டான். அன்று முதல் பட்டியலின் மேல் வரியில் ஒரு விதி ஏறியது: புது ஆள்களுக்கு முதல் மூன்று காலை எக்கார்டுடன்.

ஆறு வசந்தம் அப்படியே போயிற்று. அவள் மேல்பாதி வேலி, அவர் கீழ்பாதி. வளைவில் இரண்டு ஆரஞ்சு மேலங்கிகள் குனிந்து நிமிர்வதை அவள் பார்ப்பாள். உயரமானது எக்கார்ட். வருஷத்தின் மற்ற நாள்களில் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையாட்டிக்கொள்வார்கள். வேலி இல்லாத நாளில் அவரிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாக ஊரையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறவளுக்கு, அவரை ஒரு காபிக்குக் கூப்பிட நாக்கு எழவில்லை.

இந்த வருஷம் புதிதாக ஆறு பேர். பழையவர்களில் நான்கு பேர் முதுமையாலும் இடமாற்றத்தாலும் விலகியிருந்தார்கள். பட்டியல் கொடுக்க இன்னும் எட்டு நாள். மாவட்ட இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் சென்ற வருஷம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது: தன்னார்வலர் விலகினால் நேரில் போய்ப் பாருங்கள், மூன்று கேள்வி கேட்டுப் பதிலை எழுதி அனுப்புங்கள், மனத்தை மாற்ற முயலாதீர்கள். அதுவரை அந்தச் சுற்றறிக்கையை அவள் மதித்ததில்லை. சனிக்கிழமை பிற்பகல் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எக்கார்டின் வீட்டு மணியை அழுத்தினாள்.

அவர் காபியும் ஆப்பிள் கேக்கும் வைத்தார். படிவத்தைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"பரீட்சையா?"

"மூணே கேள்விதான். மாவட்டத்துக்கு அனுப்பணும். முதல்ல ஏன் வந்தீங்க?"

"நீங்க பஸ்ஸுல ஏறி வந்து கூப்பிட்டீங்க. இருபத்திரண்டு வருஷத்துல டிக்கெட்டைத் தவிர வேற விஷயத்துக்கு ஒருத்தர் என்கிட்ட வந்து பேசினது அன்னிக்குத்தான்."

அவள் எழுதிக்கொண்டாள். "எது பிடிச்சிருந்துச்சு?"

"முதல் வருஷம்."

"முதல் வருஷத்துல எது?"

"முதல் வருஷம்தான்," என்றார் அவர். "அப்படியே எழுதுங்க."

பென்சில் தாளில் ஊன்றியபடியே நின்றது. மூன்றாவது கேள்வியை அவள் தாளைப் பார்த்துதான் படித்தாள், முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. "ஏன் போறீங்க?"

எக்கார்ட் கேக்கை முள்கரண்டியால் இரண்டாக, பிறகு நான்காக வெட்டினார். "ரெண்டாவது வருஷம் பட்டியல் வந்துச்சு. என் பேருக்குப் பக்கத்துல மருந்துக்கடைக்காரர். சரி, இந்த ஒரு வருஷம்னு நினைச்சேன். அப்புறம் அந்தப் புருஷன் பொண்டாட்டி. அப்புறம் யார் யாரோ. நீங்க நாகரிகமானவங்க, ரோஸ்விதா. முகத்துக்கு நேரா சொல்ல மாட்டீங்க. பட்டியல்ல சொல்லிட்டீங்க. மரமண்டை, எனக்குப் புரிய ஆறு வருஷம் ஆச்சு."

அவள் ஆறு வருஷமாக அவரை நம்பி ஒவ்வொருவரையும் ஒப்படைத்தாள். அவரோ ஒவ்வொருவரையும் ஒரு மறுப்பாக வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

"நான் எதையும் சொல்லல," என்றாள். குரல் அவளுக்கே பிடிக்காத மாதிரி உயர்ந்தது. "உங்ககூடப் போனவங்க மட்டும்தான் நிக்கிறாங்க. பதினோரு பேர். மத்தவங்ககூட அனுப்பினவங்க ஒருத்தர்கூட இல்ல. அதுக்காகத்தான் அனுப்பினேன்."

"வேலையை ஒழுங்கா செஞ்சதுக்குத் தண்டனையா?"

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"அவங்க நிக்கிறதுக்கு நான். சரி. நான் நிக்கிறதுக்கு யாரு?"

இதற்குச் சுற்றறிக்கையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் என்னோடு வாருங்கள் என்று சொல்லிவிட அவளுக்குத் துடித்தது. சொன்னால் அவர் வருவார், அது நிச்சயம். அந்த ஆறு பேரும் மூன்றாம் நாள் அலாரத்தை அணைப்பார்கள், அதுவும் நிச்சயம். நாற்பத்திரண்டு வாளிகளும் மண்ணுக்குள் காத்திருக்கும்.

"எனக்கும் அந்த முதல் வருஷம்தான் பிடிச்சது," என்றாள் கடைசியில். "பத்து நாளும் ஞாபகம் இருக்கு. ஆனா இந்த வருஷம் புதுசா ஆறு பேர், எக்கார்ட்."

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "ஒரே மூச்சுல ரெண்டையும் சொல்ல உங்களாலதான் முடியும்."

ரோஸ்விதா படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பைக்குள்ளிருந்து பட்டியலை எடுத்து விரித்தாள். பதினெட்டுக் காலைகளில் அவர் பெயருக்கு எதிரே புதியவர்களின் பெயரை எழுதினாள், ஆளுக்கு மூன்று. பிறகு தாளின் கடைசி வரிக்குப் போனாள். ஏப்ரல், கடைசி வாரம், வெள்ளிக்கிழமை. அதில் அவர் பெயரையும் தன் பெயரையும் எழுதினாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "கடைசி வெள்ளியா? அன்னிக்குத் தேரையே இருக்காதே."

"இருக்காது," என்றாள் ரோஸ்விதா.

எக்கார்ட் எழுந்து போய்க் காபியைச் சூடாக்கிக்கொண்டு வந்து, முதலில் அவளுடைய கோப்பையில் ஊற்றினார்.

அந்த வருஷம் மழை நன்றாகவே பெய்தது. தேரைகள் இரண்டாயிரத்தைத் தாண்டின. ஆறு பேரில் ஒருவர்கூட மூன்றாம் நாள் நோயில் விழவில்லை. வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கொர்டூலாவைப் பற்றித்தான் ரோஸ்விதா பயந்திருந்தாள். முதல் நாள் முழுக்க அந்தம்மா குளிரைத் திட்டினாள், சேற்றைத் திட்டினாள், தேரைகள் ஒத்துழைக்கவில்லை என்று தேரைகளையும் திட்டினாள். நான்காம் நாள் அவளே முதல் ஆளாக வந்து நின்றாள். ஏப்ரலில் அவளை வீட்டுக்கு அனுப்புவதே பெரும்பாடாகிவிட்டது. ரோஸ்விதா மேல்பாதியில் நின்றபடி வளைவைப் பார்த்தாள், எல்லா வருஷத்தையும் போல. ஆனால் இந்த முறை பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். பதினெட்டு, பதினேழு, பதினாறு.

கடைசி வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் எக்கார்ட் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். முகம் மழித்திருந்தார். அவள் தலையைப் படிய வாரியிருந்தாள். இருவரும் அதைப் பார்க்காதது போல இருந்தார்கள். கையுறையை மாட்டிக்கொண்டிருக்கும்போது சாலை ஓரமாக ஒரு மிதிவண்டி வந்து நின்றது. ஆரஞ்சு மேலங்கி, ரப்பர் காலணி, கையில் வாளி. கொர்டூலா.

"என் முறை இல்லதான்," என்றாள் மூச்சு வாங்க. "கடைசி நாளாச்சே. வீட்டுல இருப்பே கொள்ளல. மூணு பேரா போனா சட்டுனு முடிஞ்சுடும்ல?"

எக்கார்ட் தன் கையுறை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடாமலே விடியற்காலையில் வந்து நிற்கும் ஓர் ஆள்! ரோஸ்விதா பத்தொன்பது வருஷமாகக் கண்ட கனவு அதுதான். வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அவள் யாருக்கும் எழுதித் தராத முதல் விதி. ஒரு முறை திருப்பி அனுப்பினால் மறுபடி வர மாட்டார்கள்.

"இன்னிக்கு ஆள் வேண்டாம், கொர்டூலா," என்றாள்.

"ஆள் வேண்டாமா?"

"வேண்டாம். நாளைக்கு வேலி பிரிக்க வாங்க."

கொர்டூலா அவளைப் பார்த்தாள், எக்கார்டைப் பார்த்தாள், தன் காலி வாளியைப் பார்த்தாள். முகம் சுருங்கியது கோபத்தாலா, எதையோ கணக்குப் போட்டதாலா என்று தெரியவில்லை. மிதிவண்டியைத் திருப்பினாள். நாளைக்கு வருவாளா, அடுத்த வருஷம் வருவாளா, யாருக்குத் தெரியும்? ரோஸ்விதாவுக்குக் காது மடல்கள் சுட்டன.

அவர்கள் முதல் வாளிக்குப் போனார்கள். காலி. எக்கார்ட் குனிந்து நன்றாகவே பார்த்தார். அவள் அட்டையில் பூஜ்யம் போட்டாள். இரண்டாவதும் காலி, மூன்றாவதும் காலி. மற்ற வருஷங்களில் கடைசி நாளன்று ஓரமாக நடந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, மொத்தத்துக்கும் ஒரே பூஜ்யமாகப் போட்டு முடிப்பார்கள். பத்து நிமிட வேலை. இன்று அதை இருவருமே சொல்லவில்லை. காஸல் சாலையில் கார்கள் ஒவ்வொன்றாகத் தொடங்கின. மழைக்காலணிகள் ஈரப் புல்லில் சத்தமிட்டன. பதினேழாவது வாளிக்கு வந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. எக்கார்ட் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, கையை உள்ளே விட்டு, அடியில் கிடந்த போன வருஷத்து இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளே பார்த்தாள். இன்னும் இருபத்தைந்து வாளிகள் இருந்தன.