பதிமூன்றாம் கூண்டு

டாக்டர் கல்யாணசுந்தரி எந்த அறிக்கையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவார். அட்டவணைகள் பின்னால் இருக்கும், முன்னால் இருப்பதெல்லாம் பேச்சு என்பது அவர் எண்ணம். தாளைத் தொடுமுன் கைகளை முழங்கைவரை சோப்பிட்டுக் கழுவுவார். பிறர் நீட்டும் பேனாவை வாங்கமாட்டார். அரசு மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் அறுவைச் சிகிச்சை செய்து ஓய்வுபெற்ற அவரைப் பிடிக்காதவர்கள் காரைக்குடியில் இம்மூன்றையும் நடித்துக்காட்டிச் சிரிப்பதுண்டு. பிடித்தவர்கள் சிலரே.

தனியார் கல்லூரியொன்றில் வேதியியல் கற்பித்த சாலமன், இறால் ஓட்டிலிருந்து மெல்லிய சவ்வொன்றைச் செய்திருந்தார். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால்புண்ணின்மேல் அதனை ஒட்டினால் புண் ஆறும் என்பது அவரது நம்பிக்கை. தொண்ணூற்று நான்கில், குமரப்பன், தாம் அப்பச்சி என்றழைக்கும் தந்தையின் பெயரால் நடத்திய அறக்கட்டளை அதற்குப் பொருளுதவி செய்ய முன்வந்தது. ஆய்வை நோயாளிவரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு டாக்டருடையது. முதற்கட்டச் சோதனைக்குரிய பன்னிரண்டு முயல்களும் கானாடுகாத்தானில் பூட்டிக்கிடந்த குமரப்பனின் பூர்வீக வீட்டில், வெயில் ஏறாத உட்பகுதியான இரண்டாங்கட்டில் வைக்கப்பட்டன.

கூண்டுகளுக்கு எண் எழுதிய நாளில் மூவரும் அங்கிருந்தனர். ஏழு எழுதி முடித்த சாலமனின் தூரிகையைக் குமரப்பன் தடுத்தார்.

"எட்டு வேணாம். அப்பச்சிக்கு ஆகாது. இந்த வீட்டுக்குள்ள எட்டுன்னு எழுதப்படாது."

"ஒங்களுக்கு எட்டு ஆகாது, எங்க ஆளுகளுக்குப் பதிமூணு ஆகாது. அப்ப எப்பிடிண்ணே எண்ணுறது?" என்று சாலமன் சிரித்தார். "சரி, பதிமூணை அங்குட்டு மூலையில வச்சிருவோம். அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

ஏழுக்குப் பின் ஒன்பது வந்தது. கடைசிக் கூண்டு பதிமூன்றாயிற்று.

தொண்ணூற்றாறின் ஐப்பசியில் சோதனை தொடங்கியது. முதல் வாரத்திலேயே முயல்களின் புண் ஓரங்களில் இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல் படர்வதை டாக்டர் தம் கண்ணாலேயே கண்டார். பின்னர்க் கண் அறுவைக்காக மதுரை சென்று ஒரு மாதம் தங்கிவிட்டார். அவர் திரும்பிய மார்கழியில் ஒரு காலைப்பொழுது, குமரப்பனும் சாலமனும் கம்ப்யூட்டர் சென்டரில் அச்சடித்த அறிக்கையோடு வந்து அமர்ந்தனர். கூடவே மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றும் இருந்தது. தையில் குமரப்பனின் தந்தைக்கு அறுபது வயது நிறைவு. அன்று பந்தலில் அறுபத்தொரு நோயாளிகளுக்குச் சவ்வு ஒட்டப்படும் என்று அதில் அச்சாகியிருந்தது. டாக்டர் கையொப்பமிட்டாலன்றி எந்த மருத்துவமனையும் நோயாளிகளை அனுப்ப இசையாது.

டாக்டர் கைகழுவிவந்து கடைசித் தாளைத் திருப்பினார். பன்னிரண்டு வரிகள். ஒன்று முதல் பன்னிரண்டுவரை வரிசை எண்கள். பன்னிரண்டிலும் புண் முழுதும் ஆறியது.

"சாலமன், எட்டாம் நம்பர் முயல் எந்தக் கூண்டுல இருந்துச்சு?"

சாலமன் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"முயலுக்கு ஜாதகமா பாக்கப்போறீக?" என்றார் குமரப்பன். "ஏழுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல இருந்திருக்கும்."

"நடுவுல ஒண்ணுமில்ல. நீங்கதான் வேணாம்னீக."

டாக்டரின் விரல் அட்டவணையின் கடைசி வரிக்கு இறங்கியது.

"பதிமூணு எங்க?"

"செத்துப்போச்சு," என்றார் சாலமன். "ஒம்பதாம் நாளு. சீழ் வச்சிருச்சு."

"நான்தான் கணக்குலேருந்து எடுக்கச் சொன்னேன்," என்று குமரப்பன் குரலை உயர்த்தினார். "பன்னெண்டுல ஒண்ணு. அதப் போயி ஒரு பெரிய சாவா எழுதணுமாக்கும்?"

"பன்னெண்டுல ஒண்ணுன்னா அறுபத்தொண்ணுல அஞ்சு. அந்த அஞ்சு பேரையும் பந்தல்ல பேர் சொல்லிக் கூப்பிடுவீகளா, இல்ல அவுகளையும் அட்டவணையிலேருந்து எடுத்துருவீகளா?"

"வழி காட்டத்தான் ஒங்கள வச்சோம். குறுக்க விழுந்து மறிக்கிறதுக்கு இல்ல. கையெழுத்துப் போட மதுரையில ஆளா இல்ல? தையோட எல்லாத்தையும் நிறுத்திப்புடுவேன். முயலும் வேணாம், இவனும் வேணாம்."

சாலமன் அப்போதுதான் நிமிர்ந்தார். அவர் பார்வை குமரப்பன்மேல் செல்லவில்லை.

"எங்கம்மா செபஸ்தியம்மாள் காலை எடுத்தது நீங்கதான். மறந்துருப்பீக. ஒங்களுக்கு வெட்டத்தான் தெரியும் டாக்டரம்மா. ஆத்தறதுக்கு ஒருத்தன் வந்தா விடமாட்டீக."

டாக்டர் மறக்கவில்லை. அந்த அம்மாள் மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது, எடுத்த காலை எங்கே புதைத்தீர்கள் என்பதுதான். அதற்குமுன் எவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. இந்தச் சவ்வு மெய்யாகவே நல்லதாய் இருக்கக்கூடும். அதை நினைக்கையில் அவருக்கு இருவர்மேலும் சினம் மூண்டது. பதினொரு முயல்கள் ஆறியதைப் பன்னிரண்டாக்கியதால் அந்தப் பதினொன்றையும் இனி யாரும் நம்பமுடியாது. மூலைக்கூண்டில் சவ்வு கெட்டிருந்ததா, ஈரம் கோத்திருந்ததா, எதனால் சீழ் பிடித்தது என்று கேட்பதற்கு இடமேயில்லை. எழுதப்படாத சாவைப் பற்றி யார் கேட்பார்?

குமரப்பன் தம் பேனாவைத் திறந்து மேசைமேல் அவர்பக்கம் உருட்டினார். அது தாளின் விளிம்பில் வந்து நின்றது.

டாக்டர் தம் பேனாவை எடுத்தார். எட்டாம் வரியைக் குறுக்கே அடித்தார். அட்டவணையின் அடியில், 'எண் 13: ஒன்பதாம் நாள் இறந்தது, சீழ்' என்று நிதானமாக எழுதினார். கையொப்பத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுத் தாளைச் சாலமன் பக்கம் நகர்த்தினார்.

"நாளைக்குக் காலையில நான் கானாடுகாத்தான் வாரேன், சாலமன். அந்த மூலைக் கூண்டைப் பாக்கணும்."

"வீட்டுச் சாவி எங்கிட்ட இருக்கு," என்றார் குமரப்பன்.

"பூட்டியிருந்தா வாசல்ல நிக்கிறேன்," என்றார் டாக்டர்.