தெரியுது என்று சொன்ன காலை

மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் இருக்கிற ஒரு ரிசார்ட்டில் ஹெலன் வேலை பார்த்தாள். அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் காலையில் நின்றுகொண்டே போவாள், சாயங்காலம் நின்றுகொண்டே வருவாள். வழியெல்லாம் வாய் ஓயாது. கண்டக்டரோடு ஒரு சண்டை, பக்கத்தில் நிற்பவளோடு ஒரு சிரிப்பு. ரிசார்ட்டில் போய் இறங்கினால் கனத்த மெத்தையை ஒற்றை ஆளாகத் தூக்கி, விரிப்பை அடியில் செருகி, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிடுவாள். அவளுக்குக் கீழே வேலை செய்த பெண்களுக்கு அவளிடம் பயம் இருந்தது. அவள் லீவு போட்டால் மட்டும் அவளைத் தேடினார்கள்.

அந்த மெத்தைகளால்தான் இடுப்பு போனது என்று ஹெலன் சொல்வாள். வலி இடுப்பிலிருந்து தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இறங்கியது. உட்கார்ந்தாலும் வலி, நின்றாலும் வலி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, சின்ன ஆபரேஷன்தான், நடந்தே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கணவன் ஜான்சன் தயங்கினான். ஹெலன்தான், "தெனம் தெனம் சாவறதுக்கு ஒரே தபா அறுத்துக்கினு வந்துர்றேன்" என்று கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வலி இல்லை. அப்பாடா என்றுதான் முதலில் நினைத்தாள். கொஞ்சம் கழித்துப் போர்வைக்குள் கையை விட்டபோது கனமாக, வெதுவெதுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. பக்கத்தில் யாரையோ படுக்க வைத்திருக்கிறார்கள் என்று திடுக்கிட்டாள். தடவிப் பார்த்த பிறகுதான் அது தன் தொடை என்று புரிந்தது. கைக்குத் தெரிந்தது. தொடைக்குக் கை தெரியவில்லை.

உள்ளே ரத்தம் கசிந்து கட்டியாகி நரம்புக் கற்றையை நெரிக்கிறது என்று சொல்லி அவசரமாக மறுபடி திறந்தார்கள். கட்டியை எடுத்தார்கள். கால்கள் மட்டும் திரும்பவில்லை. "ஆயிரத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகும்மா. நரம்பு மெதுவா தேறும். எவ்வளவு தேறும்னு யாராலயும் இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டர். மிச்ச அத்தனை பேரும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போகிற காட்சி ஹெலனுக்குக் கண் முன்னால் வந்தது.

வீட்டின் முன்னறையில் கட்டிலைப் போட்டார்கள். ஜான்சன் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறவன். மதிய டிரிப்புக்கு மாற்றி வாங்கிக்கொண்டு காலையெல்லாம் அவளோடு இருந்தான். மகள் சிநேகா கேளம்பாக்கத்தில் ஒரு ஐ.டி. ஆபீசில் வேலை செய்தாள். அதிகாலையில் சமைத்து வைத்துவிட்டுக் கிளம்புவாள், மதியத்துக்கு மேல் வந்து அப்பாவின் வேலைகளை ஏற்றுக்கொள்வாள். புண் வராமல் இருக்க ஹெலனை அடிக்கடி இடமும் வலமுமாகப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சிறுநீர் டியூபில் இறங்கிப் பையில் சேரும், அதைக் காலி செய்ய வேண்டும். மற்றதையும் துடைக்க வேண்டும். கதவைத் தாழ்ப்பாள் போட்டுத்தான் புடவை மாற்றுகிற ஹெலன், ஜான்சன் அவளைத் துடைத்துச் சுத்தம் செய்யும்போதெல்லாம் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். என்ன மாதம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அழுகையெல்லாம் ஆரம்பத்திலேயே தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு வந்தது அலுப்பு. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் வாசலிலேயே முகத்தை ஒரு மாதிரி மாற்றிக்கொண்டு உள்ளே நுழைவார்கள். அந்த முகத்துக்கு ஏற்ற மாதிரி இவளும் ஒரு முகம் காட்ட வேண்டியிருந்தது. சர்ச்சிலிருந்து மார்கரெட் அக்கா நாலு பெண்களோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்று ஜெபம் பண்ணுவாள். "எந்திரிச்சு ஓடுவ பாரு ஹெலனு" என்று கன்னத்தைக் கிள்ளுவாள். அவர்கள் போன பிறகு ஹெலனுக்கு ஊரையே மெழுகிவிட்டு வந்த மாதிரி களைப்பாக இருக்கும். நம்புவதும் ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. எல்லாருக்காகவும் அவளே அதைச் செய்ய வேண்டியிருந்தது.

ஜான்சன் முன்பெல்லாம் பேசவே மாட்டான். இப்போது நிறுத்துவதில்லை. தினமும் காலையில் அவள் உடம்பைத் துடைத்து முடித்ததும் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து வலது கால் கட்டைவிரலைப் பிடித்து அழுத்துவான். "தெரியுதா?"

"இல்ல."

"பரவால்ல. நாளைக்கி பாக்கலாம்."

மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. ஒரு நாள் காலை அவனுக்குக் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. கஞ்சியில் உப்புப் போட மறந்திருந்தான். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான். வழக்கம்போல் கால்மாட்டில் உட்கார்ந்தான். "தெரியுதா?"

ஹெலன் அவன் சட்டையின் தையலைப் பார்த்தாள். இந்தக் கேள்வி முடிந்தால் போதும் என்று இருந்தது.

"தெரியுது" என்றாள்.

ஜான்சன் ஈரத்துண்டோடு அப்படியே தரையில் மண்டியிட்டான். எழுந்து தெருவுக்கு ஓடினான். எதிர்வீட்டில் சொன்னான், மளிகைக் கடையில் சொன்னான், சிநேகாவுக்குப் போன் போட்டுச் சொன்னான். அவள் அன்றைக்கு வரும்போது கேக் வாங்கி வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜான்சன் எழுந்து நின்று சாட்சி சொன்னான். கூட்டத்தில் வாய் திறந்தே பழக்கமில்லாதவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினான் என்று மார்கரெட் அக்கா வந்து சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

ஒரு பொய்யோடு முடியவில்லை. மறுநாளும் கேட்டான். எந்த விரல் என்று வேறு கேட்டான். ஹெலன் அவன் தோள் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டாள். வலது தோள் இறங்கினால் கட்டைவிரல். முழங்கை வெளியே போனால் சுண்டுவிரல். படுத்த இடத்தில் செய்கிற வேலைதான். ஆனால் ரிசார்ட்டில் ஒரு நாளும் அவள் அவ்வளவு களைத்ததில்லை.

பிசியோதெரபி கொடுக்க ஜெயப்பிரியா என்ற பெண் ஸ்கூட்டரில் வருவாள். ஜான்சன் வாசலிலேயே அவளிடம் செய்தியைச் சொல்லிவிட்டான். அவள் சந்தோஷத்தோடு உள்ளே வந்து, "அக்கா, கண்ணை மூடிக்குங்க" என்றாள். பஞ்சால் தொட்டாள். குண்டூசியால் தொட்டாள். ஹெலன் எதையோ சொல்லிக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் ஜெயப்பிரியாவின் குரல் மாறியது. "அண்ணே, கொஞ்சம் வெந்நீர் வைக்கிறீங்களா?" என்று ஜான்சனை அடுப்படிக்கு அனுப்பினாள்.

"கண்ணைத் திறங்க அக்கா. கடைசி மூணு தடவை நான் தொடவே இல்ல."

ஹெலன் காலண்டரைப் பார்த்தாள்.

"நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க. எது வேலை செய்யுது எது செய்யலன்னு தெரிஞ்சாதான நான் பயிற்சி குடுக்க முடியும்?" என்றாள் ஜெயப்பிரியா. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஹெலனின் முழங்காலை மடக்கி நீட்ட ஆரம்பித்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஜான்சன் சர்ச்சுக்குப் போக ஒரு சக்கர நாற்காலி கேட்டு வாங்கி வந்தான். "உன்ன முன்னால கொண்டுபோய் நிறுத்தப்போறேன். அல்லாரும் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவள் தலையைச் சிக்கெடுத்தான். சீப்பு எங்கெங்கோ இழுத்தது.

"அன்னிக்கி தெரியுதுன்னு சொன்னேன்ல," என்றாள் ஹெலன். "தெரியல."

சீப்பு நின்றது. "எப்பலேர்ந்து?"

"எப்பவுமே தெரியல."

"அப்புறம் இன்னாத்துக்கு அப்டி சொன்ன?"

"நீ தெனம் கேட்டுகினே கீற. காத்தால கண்ணு முழிச்சாலே பரீட்ச. பெயிலு, பெயிலு, பெயிலு. ஒரு நாளாவது பாஸ் ஆவலாமேன்னு சொல்லிட்டேன்."

"சர்ச்சுல எந்திரிச்சி நின்னு சொன்னேன்டி! அத்தினி பேரு முன்னால!"

"தெரியும்."

அவன் சீப்பைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே போனான். வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சர்ச்சுக்கு யாரும் போகவில்லை. அடுத்த நாளும் வேலையையெல்லாம் ஒழுங்காகச் செய்தான், புரட்டிப் படுக்க வைத்தான், சோறு போட்டுக் கொடுத்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. கால்மாட்டில் உட்காரவும் இல்லை. ஹெலனுக்கு அது நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று குற்ற உணர்வாகவும் இருந்தது.

அதற்கும் மறுநாள், பையைக் காலி செய்து கழுவிவிட்டு வந்து கதவோரம் தரையில் குந்தினான்.

"எனக்கும் பேஜாராயிடுச்சி ஹெலனு" என்றான்.

அவள் தலையைத் திருப்பினாள்.

"டிரிப்பு முடிஞ்சதும் நேரா வூட்டுக்கு வர்றதில்ல. கொளவாய் ஏரிக்கரையில வண்டிய ஓரங்கட்டிட்டு சும்மா குந்திகினு இருப்பேன். வர புடிக்காது. வந்து உன் மூஞ்சப் பாக்கணுமேன்னு இருக்கும். அப்புறம், சே, இப்டி நெனச்சிட்டமேன்னு காத்தால வந்து உன் வெரல புடிச்சி நசுக்கினு இருப்பேன்."

ஆபரேஷனுக்குப் பிறகு அவளிடம் யாரும் இவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை. வலிக்கும் என்று எதிர்பார்த்தாள். வலிக்கவில்லை. முதுகுக்குக் கீழே வைத்த தலையணையை யாரோ சரியாக நகர்த்தி வைத்த மாதிரி இருந்தது.

"ஏரிக்கரைல இன்னா பண்ணுவ?"

"இன்னா பண்ணுவாங்க? கடல துன்னுவேன்."

"ஒரு பொட்லம் எனக்கு வாங்கியாந்தியா நீ?"

ஜான்சன் அவளைப் பார்த்தான். முதலில் அவன்தான் சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறி, மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டான். அன்றைக்கு டிரிப்பு முடிந்து வரும்போது கையில் வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தது.

அதன் பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். சர்ச்சில் தான் சொன்னது நிஜமில்லை என்று அவனே மார்கரெட் அக்காவிடம் போய்ச் சொன்னான். அவள் கொஞ்ச நாள் வரவில்லை. பிறகு ஒரு மதியம் தனியாக வந்தாள், ஒரு முறம் அவரைக்காயோடு. ஹெலன் சொன்னாள்: "அக்கா, ஜெபம் வேணாங்கல. சுருக்கமா பண்ணிட்டு, அப்புறமா ஊர் நாயம் பேசு. எனக்கு யாரும் எதுவுமே சொல்றதில்ல." மார்கரெட் அக்கா கண்ணை மூடி ரெண்டு வரி சொல்லிவிட்டு, காயை நறுக்கிக்கொண்டே அடுத்த தெருவில் ஓடிப்போன பெண்ணின் கதையை ஆரம்பித்தாள். ஹெலன் நடுவில் குறுக்கிட்டு மூன்று கேள்வி கேட்டாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் குரல் வாசல்வரை கேட்டது.

குளிர் விட்டுப்போன ஒரு மதியம் அது நடந்தது. ஜான்சன் டிரிப்புக்குப் போயிருந்தான், சிநேகா இன்னும் வந்து சேரவில்லை. ஹெலன் அரைத்தூக்கத்தில் இருந்தாள். இடது தொடைக்கு அடியில் ஏதோ உறுத்தியது. விரிப்பு மடிந்திருக்கிறது, ஜான்சனுக்கு எத்தனை தடவை சொன்னாலும் இழுத்துவிடத் தெரியாது என்று எரிச்சலோடு நினைத்தாள். அதன் பிறகுதான் விழிப்பு முழுதாக வந்தது. கையை விட்டுத் தடவினாள். விரிப்பு மடிந்துதான் இருந்தது.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. சொன்னால் அது உடனே ஜான்சனுடையதாகிவிடும், சர்ச்சுடையதாகிவிடும். நாளைக்கு இல்லாமல் போனால் எல்லாருக்கும் அவள் பதில் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும்போது விரிப்பை மடித்து அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பாள். சில வேளை தெரியும், சில வேளை தெரியாது. வைக்கும்போதெல்லாம் தெரிய ஆரம்பித்த பிறகு ஜெயப்பிரியாவிடம் சொன்னாள். ஜெயப்பிரியா கண்ணை மூடச் சொல்லிச் சோதித்துவிட்டு, "ஆமாக்கா" என்றாள்.

ஜான்சனிடம் ஹெலனே சொன்னாள். "கேளு, ஆனா ஓடாத" என்று முதலில் கண்டிஷன் போட்டாள். அவன் ஓடவில்லை. எந்த இடம் என்று மட்டும் கேட்டு, உள்ளங்கையை அங்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு வேகமாக ஒன்றும் நடந்துவிடவில்லை. தொடைச் சதை துடிக்க ஆரம்பித்தது. முழங்கால் தானாகக் கொஞ்சம் நீண்டது. பெரியாஸ்பத்திரியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிற்க வைத்தார்கள். முதல் நாள் நின்றதும் தலை சுற்றி வாந்தி எடுத்தாள். சில நாள் முன்னேற்றம், பல நாள் ஒன்றுமில்லை. போகமாட்டேன் என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்த நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் ஜான்சன் வற்புறுத்தவில்லை, டீ போட்டு வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். பாதங்கள் மட்டும் திரும்பவே இல்லை. அவை தொங்காமல் இருக்கச் செருப்புக்குள் பிளாஸ்டிக் பட்டை வைத்துக் கட்டினார்கள். டியூபை எடுத்தாகிவிட்டது, ஆனால் சிறுநீர் தானாகப் போகாது, நேரம் பார்த்து அவளே ஒரு சின்னக் குழாய் போட்டு எடுக்க வேண்டும். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அதைத் தானே செய்து முடித்த அன்று அவள் வெளியே வந்து யாரிடமும் எதுவும் சொல்லாமல் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

வெயில் காலத்தில் ஜான்சன் அவளை வேனில் ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனான். வாக்கரை ஊன்றி, வாசல் சரிவில் ஏறுவதற்குள் அவளுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அவள் இடத்தில் இப்போது அம்சா இருந்தாள், ஹெலனிடம் வேலை கற்றவள். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். மேனேஜர், துணி அறையில் உட்கார்ந்து விரிப்பும் டவலும் சரிபார்க்கும் வேலை இருக்கிறது, முடிந்த அளவு செய்யுங்கள் என்றார்.

திரும்பும்போது ஜான்சன் கேட்டான்: "இன்னா, வர்றியா வேலைக்கு?"

"மெத்தையத் தூக்குனவ நான். இப்ப டவல எண்ணணுமா?" என்றாள் ஹெலன். திருக்கழுக்குன்றத்தில் சிக்னலில் நின்றபோது, "வேற யாரையாவது அங்க குந்த வெச்சா கிழிஞ்சதெல்லாம் உள்ள போட்ருவாங்க" என்றாள்.

அவளைக் கொண்டுவிட வசதியாக ஜான்சன் தன் டிரிப்பைக் கல்பாக்கம் பக்கம் மாற்றி வாங்கிக்கொண்டான். ஹெலன் அரை நாள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். வாரத்தில் ஒரு நாளாவது முடியாமல் வீட்டிலேயே படுத்துவிடுவாள். போகிற நாட்களில் துணி அறையின் நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருப்பாள். மதியம் ஆனால் கண் செருகும், இடுப்பு கழன்றுவிடும் போல இருக்கும். ஒரு நாள் அம்சா கறை போகாத ஒரு விரிப்பை நைசாக அடுக்கின் நடுவில் செருகப் பார்த்தாள்.

"ஏய், அத எடு வெளிய!" என்று ஹெலன் போட்ட சத்தம் நீச்சல் குளம்வரை கேட்டது.