சாக்குக்குள் போன சிவப்பு மிதவை

என் புருஷன் லைல் வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவமாட்டான். ஆனால் அமெரிக்காவில் நாங்கள் வருஷாவருஷம் நடைப்பயணம் வரும் இந்த ஒலிம்பிக் கடற்கரையில் ஒரு பிளாஸ்டிக் மூடி கிடந்தால் போதும், குனியாமல் தாண்டமாட்டான். முதுகுமூட்டையின் பின்னால் வெங்காயச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு, பாட்டில், கயிறு, ஒற்றைச் செருப்பு என்று பொறுக்கிக்கொண்டே வருவான். கல்யாணமான நாளிலிருந்து நான் இதற்குத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வருஷம் மட்டும் திட்டவில்லை. குளிர்காலத்தில் அவனுக்கு முழங்காலில் செயற்கை மூட்டு வைத்தார்கள். இனி மூட்டை தூக்கி மணலில் நடப்பது சந்தேகம்தான் என்றார் டாக்டர். மே மாதம் அவன் என் முன்னால் கோலை ஊன்றிக்கொண்டு, குனிந்து குனிந்து குப்பை எடுத்துப் போனதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொறுக்கட்டும், மகராசனாகப் பொறுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனைகளைக் கடல் உள்வாங்கும் வற்றத்தில் மட்டும்தான் சுற்றி நடக்கலாம். கடல் ஏறிவிட்டால் முனைக்கு மேலே காட்டு வழியாகத்தான் போகவேண்டும். அந்தப் பாதையின் வாய் ஆள் உயரப் புதருக்குள் இருக்கும், வெளியே தெரியாது. அதனால் நடக்கிறவர்களே, கரை ஒதுங்கிய மீன்பிடி மிதவை ஒன்றை எடுத்து அங்கே மரத்தில் அடையாளமாகக் கட்டிவைப்பார்கள். கட்டினவர் யாரென்று யாருக்கும் தெரியாது.

போகும்போது நல்ல வற்றம். முனையைச் சுற்றி சுலபமாக வந்துவிட்டோம். நான் முன்னால் போய் ஓடைத் தண்ணீர் பிடித்தேன். லைல் முனையடியில் குப்பை பொறுக்கிவிட்டு மெதுவாக வந்தான். அதற்கு அப்பால் இரண்டு இரவு கூடாரம் போட்டோம். ஓட்ஸ் கஞ்சி, உப்பிட்ட சால்மன், கரி வாசனையடித்த காபி. ராஜபோகம்தான்.

வம்பு திரும்பும்போது வந்தது. வழியில் மணலில் புதைந்த வலை ஒன்றைப் பார்த்துவிட்டான்.

"விட்டுத் தொலைடா, கடல் ஏறுது."

"சித்த இரு, நோரீன். கடல்நாய்க் குட்டி மாட்டினா செத்துப்போயிரும்."

அவன் தோண்டி முடிப்பதற்குள் என் பொறுமை போய்விட்டது, வற்றமும் போய்விட்டது. முனைக்கு வந்து சேர்ந்தபோது அலை நேராகப் பாறையில் மோதிக்கொண்டிருந்தது. சரி, மேல் வழியாகப் போவோம் என்று மிதவையைத் தேடினோம். காணோம். எப்போதும் வற்றத்திலேயே சுற்றிப் போய்விடுவதால் பாதையின் வாய் எங்கே என்று எங்களுக்கும் தெரியாது. கரையோரம் முழுக்க ஒரே புதர். எங்கே நுழைந்தாலும் நாலடியில் செங்குத்துப் பாறை. பின்னால் திரும்பிப் போகவும் மணல் மிச்சமில்லை. ஒதுங்கிக் கிடந்த பெரிய பெரிய மரங்கள் தண்ணீரில் மெல்ல மிதக்கத் தொடங்கின. இந்தக் கரையில் எமன் என்பது அலையல்ல, அலை தூக்கி அடிக்கும் அந்த மரங்கள்தான்.

"எந்தப் பாவி மிதவையை எடுத்துட்டுப் போனான்?" என்று லைல் கத்தினான். "அவன் கை விளங்காமப் போக!"

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது.

"நீ அந்தப் பாறையில தொத்தி ஏறிக்கோ. என் கால் ஏறாது."

"வாயை மூடு. உன்னை விட்டுட்டு ஏறி, நான் யாரைத் திட்டிக்கிட்டு இருக்கிறது?"

கழுத்தில் தொங்கிய விசிலை மூச்சு உள்ளவரை ஊதினேன். மேலேயிருந்து யாரோ பாத்திரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல்.

"இடது பக்கம் வாங்க! கவுந்து கிடக்கிற வேர் தெரியுதா? அதுக்குப் பின்னாடி புதரை விலக்குங்க, கயிறு இருக்கு!"

இருந்தது. லைலை முன்னால் ஏறவிட்டு, அவன் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். பாதி ஏறியபோது கீழே டமார் என்றது. நாங்கள் நின்ற இடத்தில் ஒரு மரம் வந்து மோதியிருந்தது.

மேலே கூடாரம் போட்டிருந்தவள் ஷெல்பி என்ற இளம்பெண், தனியாக நடக்க வந்தவள். தன்னிடமிருந்த ஒரே கோப்பையில் எங்களுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் வெட்கமில்லாமல் அழுதேன். "நீ நல்லா இருப்பே தாயி" என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் வரவில்லை.

"அட, விடுங்கம்மா. ஆமா, கீழே மிதவை இருக்குமே, பாக்கலையா? சிவப்பு, நடுவுல வெள்ளைப் பட்டை. காத்துல விழுந்திருச்சோ?"

லைலின் கை கோப்பையோடு நின்றது. நான் வெங்காயச் சாக்கைப் பார்த்தேன். அவன் அதை அவிழ்த்து, அடியிலிருந்து சிவப்பு மிதவையை எடுத்து வைத்தான். அறுந்த கயிறும் முடிச்சும் அதில் அப்படியே இருந்தன.

"முந்தாநாள் போகும்போது முனையடியில மரக்கட்டைக்கு நடுவுல கிடந்துச்சு. குப்பைன்னு நெனச்சேன்."

"கை எப்படி இருக்கு?" என்றேன். "விளங்குதா?"

ஷெல்பி விழுந்து விழுந்து சிரித்தாள். லைல் சிரிக்கவில்லை.

"நம்மளக் காப்பாத்த இவ இருந்தா. இவ இல்லாதப்ப வேற யாராவது வந்து மாட்டியிருந்தா?" என்றான்.

மறுநாள் காலை வற்றத்தில், நான் எவ்வளவு தடுத்தும் கேட்காமல் அந்தக் காலோடு கீழே இறங்கினான். கூடாரத்துக் கயிற்றை அறுத்து, ஷெல்பியின் தோளில் கைவைத்து எட்டி, உயரமான கிளையில் மிதவையை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினான். ஏறி வந்ததும் கால் வீங்கிவிட்டது. அன்று நகர முடியாமல் மேலேயே தங்கினோம்.

மதியம் கடல் ஏறிய பிறகு ஒருவன் கயிற்றைப் பிடித்து ஏறி வந்தான். இடுப்புவரை நனைந்திருந்தான். அவன் மார்பில் கட்டிய துணியில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே அவன் மனைவி வந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அந்த மிதவை மட்டும் கண்ணுல படலேன்னா செத்திருப்போம்" என்றாள். "எந்தப் புண்ணியவான் கட்டினானோ, அவன் கைக்கு முத்தம் கொடுக்கலாம்."

லைல் தன் கைகளைப் பார்த்தான். ஓட்டை வாய் என்று பெயரெடுத்த நானும் வாயைத் திறக்கவில்லை. அவன் எழுந்து, நொண்டிக்கொண்டே போய், அவர்களுக்குக் காபி போடத் தண்ணீரை அடுப்பில் வைத்தான்.